மருந்து வைத்தியரிடம், கணக்கு எவரிடம்? சோழர்கால ஆதுலசாலைகளின் பொருள் நிர்வாகம்

குத்தாலம் வட்டத்துத் திருவாவடுதுறையில் விக்கிரம சோழனின் மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. அதைக் கி.பி. 1121 எனக் கொண்டு, அவ்வூரில் ஒரு மருத்துவப் பள்ளி நடந்தது என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி தம் ‘சோழர்கள்’ நூலில் குறித்தார். அச்சிறு குறிப்பு பின்வந்தோர் கையில் வளர்ந்து ‘மருத்துவக் கல்லூரி’ ஆயிற்று.

இந்த வாசிப்பை ஏற்பதற்கில்லை. கல்வெட்டின் பேசுபொருள் சோறு. அட்டாங்க இருதயம், சரக சங்கிதை ஆகிய மருத்துவ நூல்கள் படிப்போர்க்கும், ரூபாவதாரம் என்னும் இலக்கண நூல் படிப்போர்க்கும் உணவளிக்க நிலம் விடப்பட்டது. மருத்துவ மாணவர் அங்கே இருந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் ஒரே கூரையின்கீழ், ஒரே ஆசிரியரிடம், ஒரு நிறுவனத்தின் மாணவராகப் பயின்றனர் என்பதற்கு இது சான்றாகாது. ஒரே பந்தியில் உண்டவரெல்லாம் ஒரே பள்ளியில் படித்தவர் எனின், இலக்கணப் பள்ளியையும் அங்கேயே நிறுவ வேண்டிவரும். சாஸ்திரியார் கல்விப் பெருமையைத் தேடியதால் உண்பித்தலைப் பள்ளியாகக் கண்டார் என்பதே என் கருத்து. பக்கத்துக் குத்தாலமாகிய திருத்துருத்தியில் நீராடிச் சுந்தரர் உடற்பிணி நீங்கியதாகப் பெரியபுராணம் சொல்வதால், அந்த மரபையும் இதனோடு முடிச்சுப் போடத் தோன்றலாம். அதற்கும் இதில் இடமில்லை.

பள்ளியா, உணவளிக்கும் சாலையா என்னும் வழக்கில் இதைவிட முதன்மையான கேள்வி ஒன்று மறைந்துபோனது. மருத்துவ அறங்களின் நெல்லையும் காசையும் யார் ஆண்டார்கள்? அவர்களை யார், எந்தத் தகுதி பார்த்து அமர்த்தினார்கள்? இன்று மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ சொந்தமாக ஆஸ்பத்திரி தொடங்கும் மருத்துவர் நம்பிக்கையான ஆடிட்டரைத் தேடி அலைகிறார். அந்தத் தேடல் சோழர்கால வைத்தியருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஏன் என்பதற்கு ஒரு கல்வெட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் கல்வெட்டு அது. ஆட்சியாண்டு ஐந்து. 1067 முதல் 1069 வரை எங்கே வைப்பது என்பதில் ஆய்வாளர் ஒருமித்ததில்லை. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதை எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். வீரசோழன் என்னும் ஆதுலசாலையில், அதாவது மருத்துவமனையில், 15 நோயாளிகள் படுக்கலாம். ஆண்டுக்கு வைத்தியருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை (அறுவை) செய்பவருக்கு 30 கலம். பச்சிலையும் விறகும் கொண்டுவரும் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளரைக் கவனிக்கும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும். நாவிதருக்கும் தண்ணீர் கொண்டுவருபவருக்கும் தலைக்கு 15 கலம். அறுவை செய்பவரும் பச்சிலை பறிப்பவரும் நெல்லளவில் ஒரே கூலி பெற்றது தனியே ஆராயத்தக்கது.

இத்தனை நுணுக்கமான பட்டியலில் கணக்கர் இல்லை. இரவில் எரியும் விளக்குக்கும் ஒதுக்கீடு எழுதியவர்கள் கணக்கரை மறந்திருக்க மாட்டார்கள். சாலையின் கணக்கு சாலைக்கு வெளியே, அறத்தைக் காத்த கோயில் அல்லது சபையின் கணக்கரிடம் இருந்தது என்றே கொள்கிறேன். இன்மையிலிருந்து வாதிடுவது மெலிந்த வழிதான். ஆனாலும் மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி எழுதிய ஆவணத்தில் இந்த இன்மை தற்செயலாக இராது.

வெளியே இருந்த அந்தக் கணக்கர் எத்தகையவர்? திருமுக்கூடல் உள்ள அதே தொண்டை மண்டலத்தில், முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு விடை தருகிறது. குடவோலை விதிகளையே படித்துப் பழகிய நாம் அதன் பிற்பகுதியைப் பெரும்பாலும் கடந்துவிடுகிறோம். நேர்மையாகப் பொருளீட்டியவரே கணக்கெழுத வேண்டும். எழுதிய கணக்கைச் சபையார் முன் காட்டித் தூயவர் என்று ஆன பிறகே அவர் மீண்டும் கணக்குப் பணியில் புகலாம். தாம் எழுதியதைத் தாமே காட்ட வேண்டும். வேறொரு கணக்கர் புகுந்து முடித்துவைக்கக் கூடாது. தஞ்சைப் பெரியகோயிலிலும் பண்டாரப் பணிக்கு நிலமோ உறவோ முதலோ உடைய பிராமணரையே ஊர்ச்சபைகள் அனுப்ப வேண்டும் என்று முதலாம் இராசராசன் ஆணையிட்டான். பொருள் குறைந்தால் ஈடுகட்ட ஆளும் சொத்தும் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்தாகலாம்.

உத்திரமேரூர் விதி திருமுக்கூடலிலும் வழங்கியது என்று உறுதி கூற இயலாது. இடையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. காவிரிக் கரை நடைமுறை வேறாகவும் இருந்திருக்கலாம். தஞ்சாவூரில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலையின் வைத்தியருக்குக் குந்தவை நிலமே கொடுத்தார். காணி பெற்றவர் தம் விளைச்சலைத் தாமே பார்த்துக்கொண்டார் எனில் அங்கே வெளிக்கணக்கருக்கு வேலை குறைவு. ஆக, நிலக்கொடையிலிருந்து கலமும் காசுமான ஊதியத்துக்கு மாறிய இடத்தில்தான் மருத்துவமும் பொருள் நிர்வாகமும் இரண்டு கைகளாகப் பிரிந்தன என்று கருத வாய்ப்புண்டு. அம்மாற்றம் எப்போது, எங்கே நேர்ந்தது என்பதை இந்த மூன்று நான்கு கல்வெட்டுகளைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. நிலக்கொடை முறை பிற்காலத்திலும் தொடர்ந்தது என்பதற்கு ஆவடுதுறை நிலமே சாட்சி.

எனவே 1121 ஆவடுதுறைக் கல்வெட்டை மருத்துவக் கல்லூரிக்குச் சான்றாகக் காட்டுவதை ஆய்வாளர்கள் நிறுத்த வேண்டும். மருத்துவம் படித்தோர்க்குச் சோறிட்ட அறம் என்ற அளவில் அது உறுதியான சான்று.