கடன்பட்ட ஆறு

ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் நோட்டில் 1993 முதல் ஒரு கவிஞரின் முகம் இருக்கிறது: பான்ஜோ பேட்டர்சன். ஸ்நோவி ஆற்றுப் பக்கத்துக் குதிரைவீரனைப் பற்றி 1890இல் அவர் எழுதிய கவிதையின் வரிகளும் அதே நோட்டில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. நோட்டில் ஆறு இருந்தது. ஆற்றில் தண்ணி இல்லை. ஜிண்டபைன் அணைக்குக் கீழே அப்போது விடப்பட்டது இயற்கை ஓட்டத்தில் நூற்றில் ஒரு பங்குதான். மிச்சம் 99 பங்கும் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே மேற்கே திருப்பப்பட்டு, மின்சாரமாகி, மர்ரே, மர்ரம்பிட்ஜி பாசனத்துக்குப் போனது.

1949இல் இத்திட்டத்திற்கான சட்டத்தை மத்திய அரசு தேசப் பாதுகாப்பு அதிகாரத்தின் பேரில் கொண்டுவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆற்றைத் திருப்புவது ராணுவக் காரியம்! 1974இல் வேலை முடிந்தபோது 16 அணைகள், 145 கிலோமீட்டர் சுரங்கம், 121 சாவுகள். போரால் சிதறிய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாட்டுத் தொழிலாளர்கள் ஒரு லட்சம் பேர் அங்கே உழைத்தார்கள். 'பன்மைப் பண்பாட்டு ஆஸ்திரேலியா' பிறந்த இடமே இதுதான் என்று பெருங்கதையாடல் ஒன்று உருவாயிற்று. தேசத்தின் பிறப்புக்கதை ஆகிவிட்ட ஒன்றை எதிர்த்து யார் வாய் திறப்பது? மலைச்சீமையின் நெரிகோ மக்களையோ கழிமுகத்துப் பக்கத்துக் குர்னாய் மக்களையோ அந்தக் கதையில் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.

'வீணாகக் கடலில் கலக்கும் நீர்' என்ற வாக்கியத்தை நமக்கும் நன்றாகத் தெரியும். மேடைக்கு மேடை கேட்டதுதானே. யாருக்கு வீண் என்று அந்த வாக்கியம் சொல்வதேயில்லை. அதன் பலமும் அதுதான். ஸ்நோவியில் அந்த 'வீண்' நின்றுபோனதும் என்ன ஆச்சு? பனி உருகி வசந்தத்தில் பாய்ந்த வெள்ளம் இல்லாமல் படுகை சுருங்கியது. மணல் மேடிட்டது. வில்லோ மரங்களும் கருமுள் புதர்களும் ஆற்றுக்குள்ளேயே இறங்கின. கழிமுகத்தில் உப்புநீர் உள்ளே ஏறியது. டால்கெட்டி என்ற சிற்றூரை 1904இல் நாட்டின் தலைநகராகவே தேர்ந்திருந்தார்கள், பிறகுதான் கான்பெர்ராவுக்கு மாற்றினார்கள். டால்கெட்டிக்கு அந்த வாய்ப்பைத் தந்த காரணங்களில் ஒன்று அந்த ஆற்றுத் தண்ணி. அந்த ஊர்ப் பாலத்தடியில் பிற்பாடு ஓடியது ஓடை.

1996இல் நிபுணர் குழு ஒன்று, ஆறு பிழைக்க 28 சதவீதமாவது வேண்டும் என்றது. ஆனால் நிபுணரின் அறிவு தானாக அதிகாரமாவதில்லை. 1999 விக்டோரியா தேர்தலில் கிரெய்க் இங்ரம் என்ற சுயேச்சை, கடல்நத்தை எடுக்கும் முத்துக்குளிப்பாளர் மாதிரியான ஒரு தொழில்காரர், ஆற்றை மட்டுமே பேசி ஜெயித்தார். இரண்டு பெரிய கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. மூன்று சுயேச்சைகளின் கையில் ஆட்சி வந்து நின்றது. அவர்களில் இவர் ஒருவர். 2000 செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்ஸ் ஸ்நோவிக் குதிரைவீரன் படிமத்தோடும் இசையோடும் தொடங்கியது. அடுத்த மாதமே ஒப்பந்தம்: பத்தாண்டுகளில் 21 சதவீதம், பிறகு 28.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பது என்றால் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவனிடமிருந்து பிடுங்குவது. அதற்கு அரசுகள் தயாரில்லை. ஆகவே 375 மில்லியன் டாலர் போட்டு, வாய்க்கால் கசிவைத் தடுத்து, பாசன உரிமைகளை விலைக்கு வாங்கி 'மிச்சம்' பிடிக்க ஏற்பாடு. ஆறு தன் தண்ணியைச் சந்தையில் வாங்க வேண்டியதாயிற்று. 1967இல் கட்டிய ஜிண்டபைன் அணையில் ஆற்றுக்குப் பெரிய அளவில் திறந்துவிட வழியே வைக்கவில்லை என்பது இன்னொரு கூத்து. கொடுக்கும் உத்தேசம் இல்லாதவன் கட்டிய சுவர் அது. அதனால் 2002 ஆகஸ்ட் 28இல், அணைக்குக் கீழே வந்து சேரும் மவாம்பா என்ற கிளையாற்றின் தடுப்பைத் திறந்து முதல் தண்ணி விட்டார்கள். கரையோர மக்கள் கொண்டாடினார்கள். அந்தத் தண்ணீர் கணக்கில் எப்படி எழுதப்பட்டது தெரியுமா? கடன். மிச்சம் பிடிப்பதற்கு முன்பே ஆறு எடுத்துக்கொண்டதால் பின்னால் ஆறே அடைக்க வேண்டிய கடன்! 2006இல் அணையில் புது மதகு தயாரானதும் மவாம்பாவை மறுபடி அடைத்துவிட்டார்கள்.

சதவீதம் என்பது வருஷக் கணக்கு; ஆறு நாள் கணக்கில் வாழ்கிறது. ஒரே சீராக வருஷம் பூராவும் வடியும் 21 சதவீதம் மணலைத் தள்ளாது, மரத்தைப் பிடுங்காது. 2011 அக்டோபரில் அணை கட்டிய பிறகான மிகப்பெரிய செயற்கை வெள்ளத்தை விட்டபோதுதான் படுகை கொஞ்சம் அசைந்தது. பிற்பாடு அதிகாரிகள் வேறொரு வழி கண்டார்கள். அதே நீர்த்தேக்கத்தில் வந்து விழும் த்ரெட்போ ஆறு பனி உருகும்போது எப்படி ஏறி இறங்குகிறதோ, அதைப் பார்த்து, அதன் சிறு நகலாக ஸ்நோவிக்கு மதகைத் திறப்பது. நகல்களைப் பற்றி எழுதிய போத்ரியார் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். மீன்களுக்கு அந்தச் சிரிப்பு தேவையில்லை; அவற்றுக்கு நகலானாலும் வெள்ளம் வெள்ளம்தான். மேலே த்ரெட்போ இன்னும் அணையில்லாமல் ஓடிவருகிறது, கீழே மதகுக்காரர்கள் அதன் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.