ஒரு வாரம் பள்ளி, ஒரு வாரம் பட்டறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1906இல் ஓர் அரசு விசாரணைக் குழு அறிக்கை வந்தது. 14 முதல் 16 வயதுக்குள் இருந்த 25,000 பிள்ளைகள் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை என்றது அது. கிடைத்த எடுபிடி வேலை செய்தார்கள், இல்லையென்றால் சும்மா சுற்றினார்கள். இன்னொரு பக்கம், தேர்ந்த மெக்கானிக் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் புலம்பினார்கள். ஆளுக்கு ஒரே மிஷின், ஒரே வேலை என்று தொழிற்சாலை மாறிவிட்ட பிறகு, கூடவே இருந்து முழுத் தொழிலையும் பழகும் வழக்கம் தேய்ந்துபோயிருந்தது.

அதே ஆண்டு, சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பத் தொடங்கினார். கல்லூரிக்குச் சரிப்பட்டது பள்ளிக்கும் சரிப்படுமா? ரம்பமும் இயந்திரங்களும் செய்த மாசசூசெட்ஸின் ஃபிட்ச்பர்க் நகரம் 1908இல் துணிந்து இறங்கியது.

நான்காண்டுப் படிப்பு. முதலாண்டு முழுக்கப் பள்ளி. அடுத்த மூன்றாண்டும் வாரம் மாற்றி வாரம் பட்டறை. பட்டறையில் சேருமுன் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் வெள்ளோட்டம். பிறகு பெற்றோரும் பட்டறைக்காரரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கூலியும் உண்டு: மணிக்கு 10 சென்ட், அடுத்த ஆண்டு 11, கடைசி ஆண்டு பன்னிரண்டரை. அயல்மொழிப் பாடம் கழற்றிவிடப்பட்டது. கணக்கு வகுப்பில் பட்டறைக் கணக்கே ஓடியது.

திட்டத்தின் சாமர்த்தியமெல்லாம் ஜோடி சேர்த்ததில்தான் இருந்தது. இரண்டு பையன்களுக்கு ஓர் இடம். ஒருவன் வகுப்பில் இருந்தால் மற்றவன் மிஷினில். அந்த வாரம் வகுப்பில் இருந்தவன் சனிக்கிழமை காலை 11 மணிக்குப் பட்டறைக்குப் போய்விட வேண்டும். கையில் என்ன வேலை, எதுவரை முடிந்திருக்கிறது, எதில் கவனம் வேண்டும் என்று கூட்டாளியிடம் கேட்டுக்கொள்வான். திங்கட்கிழமை காலை விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். மிஷின் சும்மா நிற்காது என்ற உத்தரவாதம் இல்லாமல், கல்விப் பற்றினால் மட்டும் முதலாளிகள் சம்மதித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

எல்லோரும் பையன்களே. லேத் பட்டறையில் பெண்பிள்ளைகளுக்கு அன்று யாரும் இடம் யோசிக்கவில்லை.

சண்டை வேறொரு இடத்தில் மூண்டது. பொதுப் படிப்பும் தொழில் படிப்பும் தனித்தனியே நடக்கட்டும் என்றார் மாநிலக் கல்வி ஆணையர் டேவிட் ஸ்னெடன். இருக்கிற தொழிற்சாலை ஒழுங்குக்குப் பிள்ளைகளைப் பழக்கிக் கொடுப்பதைக் கல்வி என்று ஏற்க முடியாது என 1915இல் எழுதினார் தத்துவ அறிஞர் ஜான் டூயி. டூயியின் வாதம் வலுவானது. காற்று ஸ்னெடன் பக்கம் அடித்தது. 1917 பிப்ரவரி 23 அன்று அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட ஸ்மித்-ஹியூஸ் சட்டம், தொழிற்கல்விக்கென மத்திய அரசுப் பணத்தை ஒதுக்கியது. அதைப் பெற விரும்பிய மாநிலம் தொழிற்கல்விக்கு ஒரு வாரியத்தை நியமித்து, வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் தன் பங்காக ஒரு டாலர் போட வேண்டியிருந்தது.