சோறும் கூரையும் சம்பளமும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் விடியற்காலை ஐந்து மணிக்கு நடந்து போகிறவர்கள், உணவுக் கடைகளின் முன்கதவு திறக்குமுன்பே பின்சந்தில் விளக்கு எரிவதையும், இராத்திரியே பிசைந்து எண்ணெய் பூசி உருண்டையுருண்டையாய்த் தட்டில் அடுக்கிவைத்த ரொட்டி மாவை ஒருவர் உள்ளங்கையால் தட்டி, காற்றில் வீசி விரித்துக் கல்லில் போடுவதையும் காணலாம். அந்தக் கைக்கு நாளாவட்டத்தில் என்ன ஊதியம் கிடைத்து வந்தது என்று சரித்திரம் எழுதப் புகுகிறவனுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சிரமம் எதிர்ப்படுகிறது. ஏனெனில் நெடுங்காலம் அந்த ஊதியத்துக்கு ஓர் எண்ணே கிடையாது.

தோட்டத்துக் கூலிக்கு எண் இருந்தது. யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதே ரப்பர் தோட்டங்களின் அளவுகோல். சீனத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம் கிடைக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவேதான் 1941இல் ஆர்.எச்.நாதன் முதலியோரின் முயற்சியால் கிள்ளான் ஜில்லா இந்தியர் சங்கம் தலையெடுத்தபோது, சமகூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் அவமானம் ஒழிய வேண்டும் என்று கேட்டுத் தோட்டத்துக்குத் தோட்டம் வேலைநிறுத்தம் பரவியது. நாதன் நாடு கடத்தப்பட்டார்; துருப்புகள் வந்தன; துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின. அவ்வளவு துக்கத்திலும் அவர்களுக்கு ஒரு தெளிவு இருந்தது. தமக்கு எத்தனை காசு குறைகிறது என்பதை அவர்களால் விரல்விட்டுச் சொல்ல முடிந்தது.

பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவனுக்கு அந்தத் தெளிவு கிட்டவில்லை. கிள்ளானில் என் பால்யத்தில் நான் கண்ட ஒரு கடை இன்னும் கண்ணில் நிற்கிறது. கீழே கல்லாவும் பளிங்கு மேசைகளும். மரப்படியேறி மேலே போனால் சுருட்டிவைத்த பாய்களும், சுவரோரமாய்த் தகரப் பெட்டிகளும், கொடியில் உலரும் சாரங்களும். 'ராஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டுப் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்திறங்கியவர்களில் பலர் முதல் இராத்திரியே இத்தகைய மாடிகளில்தான் படுத்தார்கள். முதலாளியும் ஊர்க்காரர், அண்ணன் என்றும் மாமா என்றும் உறவு சொல்லியே அழைப்பார்கள். மூன்று வேளைச் சோறு, படுக்க இடம், ஊருக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு யாவும் அவரிடமே. ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில் கப்பல் செலவு, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம், வைத்தியச் செலவு என்று பற்று ஏறிக்கொண்டே போகும். ஊருக்குத் திரும்பும் நாளில்தான் வரவு எவ்வளவு என்பது விளங்கும். இதில் வாத்ஸல்யம் இல்லை என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் அன்பும் கடனும் ஒரே ஏட்டில் எழுதப்படும்போது, கேட்க வேண்டியதைக் கேட்க நா எழுவதில்லை என்பதை அந்த மாடியில் நான் பார்த்தேன்.

சட்டம் இந்த முடிச்சை மெல்லவே அவிழ்த்தது. 1947இல் பிறந்த சம்பள மன்றச் சட்டத்தின் கீழ், கடைச் சிப்பந்திகளுக்கும் சினிமாக் கொட்டகை ஊழியர்களுக்கும் போலவே, ஓட்டல், உணவுக் கடை ஊழியர்களுக்கும் ஒரு மன்றம் ஏற்பட்டது. ஆயினும் என் அபிப்பிராயத்தில் அதைவிட முக்கியமானது 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டம். வீடு, உணவு, விளக்கு, தண்ணீர் ஆகியவற்றின் மதிப்பு சம்பளத்தில் சேராது என்றும், அவற்றைச் சம்பளத்துக்கு மேற்பட்டு வேண்டுமானால் கொடுக்கலாம் என்றும், மதுவை மட்டும் வேலை நிபந்தனையாகக் கொடுக்கவே கூடாது என்றும் அது விதித்தது. கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த ஒரு சமூகத்தின் கண்ணீர் அந்தக் கடைசி விதியில் எனக்குத் தெரிகிறது.

நாடெங்கும் செல்லும் குறைந்தபட்சச் சம்பளம் வர 2013 ஆயிற்று. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று ஆரம்பித்து, 2016இல் 1,000, 2022இல் 1,500, 2025இல் 1,700 என உயர்ந்தது. பெரிய ஓட்டல்களில் வேறொரு வழக்கு எழுந்தது: விருந்தாளியின் பில்லில் நூற்றுக்குப் பத்தாகச் சேரும் சேவைக் கட்டணத்தைக் கொண்டே அந்தக் குறைந்தபட்சத்தை நிரப்பிவிடலாமா என்பது. ஆகாது, அது ஊழியருக்கே உரிய பணம் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. நியாயமான தீர்ப்பு.

வாரம் ஆறு நாள் உழைப்பவருக்கு 1,700 என்பது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. இப்போது ஓர் எண் இருக்கிறது. சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில், மத்தியானக் கூட்டம் கலைந்து நாலு மணி ஆனபின், ஒரு வாழையிலைக் கடையின் பின்சந்தில் வேலைக்காரர்கள் கவிழ்த்த பால் பெட்டிகளில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இளையவர் ஒருவர் ரசத்தைப் பிசைந்தபடியே இடது கையால் சட்டைப் பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து, முழங்காலில் விரித்து, வரிவரியாய்ப் படித்தார். பக்கத்திலிருந்த முதியவர், "சோத்துக்குப் பிடிச்சிருக்கானா தம்பி, பாரு," என்றார். இளையவர் மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்து, "இல்லேண்ணே," என்று சொல்லி, சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.