களிமண்ணும் குளத்து நீரின் ஊட்ட மாசும்

குளத்து நீர் பாசி மண்டிப் பச்சைக் கூழாவதற்குப் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் முதற்காரணம். வயலுக்கு இட்ட உரம், சாணம், சாக்கடை, சலவைத்தூள் எனப் பல வழிகளில் அது குளத்துக்கு வருகிறது. வந்தபின் எங்கே தங்கும், எப்போது வெளிப்படும் என்பதில் களிமண்ணின் பங்கு பெரிது.

களிமண் துகளின் விட்டம் 0.002 மி.மீ.க்கும் குறைவு. துகள் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு பெருகும். கரிசலில் மிகுந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் வகையில் ஒரு கிராமுக்குச் சில நூறு சதுர மீட்டர் பரப்பு உண்டு. துகள்களின் விளிம்புகளிலும், அவற்றின்மேல் படிந்த இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளிலும் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. நைட்ரேட் அப்படி ஒட்டாமல் நீரோடு போய்விடும்.

கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலம் முதல் மழையை உள்வாங்கிக்கொள்ளும். நனைந்து உப்பியதும் வெடிப்புகள் மூடும். அடுத்து வரும் கனமழை மேலாக வழிந்து, மேல்மண்ணையும் அதில் ஒட்டிய பாஸ்பரஸையும் கண்மாய்க்கு அடித்துச் செல்லும். 0.002 மி.மீ. துகள் அசையாத நீரில் 10 செ.மீ. இறங்கவே ஏறத்தாழ 8 மணி நேரம் பிடிக்கும். அதைவிடச் சிறியவை நாள்கணக்கில் மிதக்கும். அந்தக் கலங்கல் வெயிலை மறைப்பதால் பாசியும் அடங்கியிருக்கும். கலங்கல் படிந்து வெயில் உள்ளே எட்டினால் பாசி பெருகலாம் என்பதால், தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று கண்ணை மட்டும் நம்பிச் சொல்லிவிட முடியாது.

படிந்த சேறு பாஸ்பரஸை என்றைக்கும் பிடித்து வைத்திருப்பதில்லை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஆராய்ந்த கிளிஃபோர்ட் மார்ட்டிமர், 1941, 1942ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் இதை விளக்கினார். சேற்றின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு பாஸ்பேட்டைப் பிணைத்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி, பாஸ்பேட்டை விட்டுவிடும். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்பதால், ஒரு பாசிப்பெருக்கே அடுத்ததற்கு உரமிடுகிறது. சாக்கடையை அடைத்த பிறகும் சில குளங்கள் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே கிடப்பது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் 1990களில் இதற்குக் களிமண்ணையே மருந்தாக்கியது. லாந்தனம் என்னும் உலோகத்தை ஏற்றிய பென்டோனைட் களிமண்ணை நீரில் தூவினால், ஆக்சிஜன் குறைந்தாலும் அது பாஸ்பேட்டை எளிதில் விடாது.

தமிழ்நாட்டில் வற்றிய கண்மாயின் கரம்பையை அள்ளி வயலில் பரப்புவது பழைய வழக்கம். வயலை விட்டுப்போன சத்து இதனால் வயலுக்கே திரும்புகிறது. கண்மாயில் நீர் கொள்ளும் அளவும் கூடுகிறது. ஆலைக்கழிவு கலந்த நகர்ப்புறக் குளங்களின் சேற்றில் மட்டும், கன உலோகங்கள் உள்ளனவா என்று பரிசோதித்த பின்பே வயலில் இடலாம்.