ஊசியோடு முடிவதில்லை: சிபிலிஸ் சிகிச்சைக்குப் பின்னர் கவனிக்க வேண்டியவை

"ஊசி போட்டாச்சு, புண்ணும் ஆறிவிட்டது. இனி ஏன் கிளினிக்குக்குப் போக வேண்டும்?" சிபிலிஸ் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் பலரிடம் எழும் கேள்வி இது. ஆனால் புண் ஆறுவது குணமானதற்கு அடையாளம் அல்ல. சிகிச்சையே பெறாவிட்டாலும் சிபிலிஸ் புண் சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும். கிருமி மட்டும் உடலில் தங்கியிருந்து, பல ஆண்டுகளின் பின்னர் இருதயத்தையும் மூளையையும் கண்ணையும் தாக்கலாம்.

எத்தனை ஊசி?

ஆரம்ப நிலைத் தொற்றுக்கு ஒரு தடவை போடப்படும் பெனிசிலின் ஊசி பொதுவாகப் போதும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட தொற்றுக்கு வாரம் ஒன்றாக மூன்று தடவை போட வேண்டும். இடையில் நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க நேரலாம். முதல் ஊசி போட்ட 24 மணிநேரத்துக்குள் காய்ச்சல், தலையிடி, உடல்நோவு வரலாம். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். கர்ப்பிணிகள் இதை உடனே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

குருதிப் பரிசோதனை

சிகிச்சை பலித்ததா என்பதை வீ.டி.ஆர்.எல். போன்ற குருதிப் பரிசோதனையே காட்டும். வழமையாக 3, 6, 12 மாதங்களில் இது செய்யப்படும். 32 என்றிருந்த அளவு 8 ஆகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினால் நல்ல அறிகுறி. குணமான பின்னரும் வேறு சில பரிசோதனைகள் வாழ்நாள் முழுவதும் 'பொசிட்டிவ்' என்றே காட்டலாம். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சிகிச்சை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மீண்டும் வராமல் இருக்க

ஒருமுறை வந்து குணமானால் இனி வராது என்பது தவறு. துணைவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் அவசியம். இல்லையேல் தொற்று இருவருக்கும் இடையே மாறிமாறிப் பரவும். சிகிச்சை முடிந்து புண்கள் முற்றாக ஆறி, வைத்தியர் சொல்லும் வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். அதன் பின்னர் ஆணுறை பாதுகாப்புத் தரும். ஆனால் அது மூடாத இடத்திலுள்ள புண்ணாலும் தொற்றலாம்.

கர்ப்பிணிகள்

சிகிச்சை பெறாத தாயிடமிருந்து சிசுவுக்குத் தொற்று பரவினால் கருச்சிதைவோ, குழந்தை இறந்து பிறப்பதோ நேரலாம். ஆகவே குடும்பநல உத்தியோகத்தரிடம் நேரகாலத்தோடு பதிந்து குருதிப் பரிசோதனை செய்யுங்கள். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக 2019 டிசெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. இப்பரிசோதனையே அதற்கு அடித்தளம்.

வெட்கம் வேண்டாம்

அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் சேவை இலவசம், விபரங்கள் இரகசியம். வைத்தியரின் கடிதமும் தேவையில்லை. போரில் துணையை இழந்து தனித்து வாழும் பெண்களும் தொழிலுக்காக ஊர்விட்டுப் போய் வரும் ஆண்களும் "ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்திலேயே பின்வாங்குகிறார்கள். விருப்பமின்றி நடந்த ஒன்றால் தொற்று வந்தவர்களும் இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் இது குணப்படுத்தக்கூடிய நோய். அடுத்த கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.