வி.யு.எம். முதல் 93.5 வரை: கொடுங்கையூர் காதில் விழுந்த வானொலி

வானொலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நிலையத்துக்குள் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறார்கள். யார் திறந்துவைத்தார், எந்த வித்வான் முதலில் பாடினார் என்றெல்லாம் அதில் இருக்கும். கேட்டவன் எங்கே நின்று கேட்டான், அவன் குரல் ஏன் அந்தப் பெட்டிக்குள் போகவில்லை என்பது இருக்காது. கொடுங்கையூர்க்காரன் என்ற முறையில் நான் இந்தப் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றெழுத்தோ நாலெழுத்தோ அழைப்புப் பெயர் உண்டு. முதலாளி மாறினால் எழுத்தும் மாறும், பாட்டும் மாறும். நம்மூரிலும் அப்படி எழுத்துகள் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. 1927இல் ஒரு தனியார் கம்பெனி பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையம் திறந்தபோது முன்னதற்கு 7 பி.ஒய்., பின்னதற்கு 7 சி.ஏ. என்று பெயர். 1930இல் கம்பெனி மூழ்கியது, சர்க்கார் எடுத்துக்கொண்டது. பிறகு சர்வதேச ஏற்பாட்டில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 'வி.யு.' முன்னால் வந்தது. பம்பாய் வி.யு.பி., டில்லி வி.யு.டி., சென்னை வி.யு.எம். எம் என்றால் மெட்ராஸ்.

ஆனால் வி.யு.எம்.முக்கு முன்பே மெட்ராசில் ரேடியோ இருந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற இன்ஜினியர் முன்னின்று, 1924 மே மாதம் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. கருவி வெறும் 40 வாட். மூன்று வருஷத்தில் பணம் தீர்ந்துபோய் 1927இல் நின்றது. கருவி மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ரிப்பன் கட்டடத்திலிருந்து சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழரை வரை ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள்.

எனக்கு இந்த எட்டு வருஷம்தான் முக்கியம். ரேடியோப் பெட்டி என்பது வக்கீல் வீட்டிலும் துரை வீட்டிலும் இருந்த பொருள். பெட்டி வாங்கியதோடு முடியாது, வருஷா வருஷம் பத்து ரூபாய் லைசென்சு. அந்தக் காலக் கூலிக்காரன் அதை நினைத்துப் பார்க்க முடியுமா? பூங்கா ஒலிபெருக்கிக்குப் பெட்டியும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். மூட்டை இறக்கிவிட்டு வருகிறவன் கம்பிவேலிக்கு வெளியே நின்றாலும் காதில் விழும். போட்டதென்னவோ சபா சங்கீதந்தான். அதை நான் மறைக்கவில்லை.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறந்தது. மாநகராட்சி தன் ஒலிபரப்பை மூடியது. பூங்கா ரேடியோ அதற்குப் பின்னும் பல இடங்களில் இருந்தது உண்மை. ஆனால் அதில் என்ன போடுவது என்பதைத் தீர்மானிக்கும் இடம் ரிப்பன் கட்டடத்திலிருந்து டில்லிக்குப் போய்விட்டது.

டில்லிக்கு ஒரு பெயர் போதவில்லை. 1936இல் 'ஆல் இந்தியா ரேடியோ', 1957இல் 'ஆகாசவாணி'. தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு எதிர்ப்பு இருந்தது. டில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி 'ஆகாசவாணி' என்று தொடங்கும். நம் ஜனங்கள் வாயில் 'வானொலி', இல்லாவிட்டால் வெறும் 'ரேடியோ'. 2023 மே மாதம் இனி எங்கும் 'ஆகாசவாணி' மட்டுந்தான் என்று உத்தரவு போட்டபோது பழைய சண்டை மறுபடி வந்தது. அந்தச் சண்டை நியாயமானது. ஆனால் பெயர்ப் பலகைக்குச் சண்டை போட்ட நம் தமிழறிஞர்கள், உள்ளே யார் பாடுகிறார்கள் என்று அதே வேகத்தில் கேட்டார்களா?

உள்ளே நடந்தது வேறு. 1940களில் பட்டேல் பொறுப்பில் இருந்தபோது, 'ஒழுக்கம்' சரியில்லாதவர்கள் என்று சொல்லி, கலையையே தொழிலாகக் கொண்ட குலத்துப் பாடகிகளுக்குக் கதவை அடைத்தார்கள். 1952இல் மந்திரியான கேஸ்கர் சினிமாப் பாட்டைத் துரத்தினார், குரல்தேர்வு வைத்தார், பாடகர்களுக்கு ஏ, பி என்று தரம் பிரித்தார். 'நாட்டுப்புறப் பாட்டு' என்று ஒரு அறை இருந்தது, அது நாற்று நடவுக்கும் ஏற்றத்துக்கும். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுகிற பட்டணத்துக் கானாவை எந்த அறையில் வைப்பது? அது கிராமமும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. தொண்ணூறுகளில் தேவா இசையில் கானா சினிமாவுக்குள் போனது. சினிமாப் பாட்டு என்ற சீட்டோடுதான் அது வானொலிக்குள் நுழைந்தது.

அம்பேத்கர் 1954 அக்டோபர் 3 அன்று இதே அகில இந்திய வானொலியில் தன் வாழ்க்கைத் தத்துவத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து அல்ல, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்றார். அந்தப் பேச்சைப் புத்தகத்தில்தான் நாம் படித்தோம். ரேடியோவில் கேட்டதாகச் சொன்ன ஒரு பெரியவரையும் எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

கேஸ்கர் துரத்திய பாட்டு கடல் தாண்டிக் கொழும்பில் இறங்கியது. அந்த நிலையத்தின் பெயர்க் கதை இன்னும் நீளம். 1925இல் கொழும்பு ரேடியோ. உலக யுத்தத்தில் தென்கிழக்காசியப் படைத் தலைமை தன் சிப்பாய்களுக்காகப் பெரிய கருவி வைத்து நடத்திய சீயாக் ரேடியோ. அதை வாங்கிக்கொண்டு 1949இல் ரேடியோ சிலோன். 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். சர்க்கார் எத்தனை பெயர் வைத்தாலும் எங்கள் டீக்கடையில் அது சிலோன்தான். "சிலோன் வெச்சாத்தாண்டா ரேடியோ, மத்ததெல்லாம் பஜனை" என்பார் அப்பா. டில்லி கடைசியில் வழிக்கு வந்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி, 1967இல் அதில் விளம்பரம். எண்பதுகளில் லைசென்சும் ஒழிந்தது.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. 1995இல் உச்சநீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. பொதுச்சொத்தை ஏலம் விட்டார்கள். 2003இல் சூரியன் 93.5, மிர்ச்சி 98.3. பிறகு ஹலோ 106.4, பிக் 92.7. இப்போது எழுத்து போய் எண்ணே பெயராகிவிட்டது. 91.9இல் ஆஹா இருந்தது, அது போனபின் அதே எண்ணில் ஃபீவர் வந்தது. ஆங்கிலத்தில் பேசவென்றே வந்த சென்னை லைவ் 104.8 கொஞ்ச காலத்தில் பாட்டுக்குத் திரும்பியது. நம்ம பாஷை மட்டும் இந்த நிலையங்களில் தாராளமாக வருகிறது, சிரிக்கவைக்க. 'இன்னாபா' என்று இழுத்தால் காமெடி.

செய்திக்கு மட்டும் தடை. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி தரக்கூடாது. 2019 முதல் அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்வெட்டு அறிவிப்பெல்லாம் விதிப்படி 'செய்தி அல்ல'. உள்ளூர் நிர்வாகம் தரும் சுகாதார எச்சரிக்கையும் அப்படியே. எங்கள் குப்பைமேடு முந்நூறு ஏக்கருக்கு மேல். அது தீப்பிடித்துப் புகை வந்தால் 'அந்தப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்' என்று சொல்லலாம். அதிகாரி சொன்னதைச் சொல்லலாம். அங்கே இருமிக்கொண்டிருக்கும் அம்மா என்ன சொல்கிறாள் என்பது செய்தி. 2025இல் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை ஜனங்கள் கைகோத்துத் தெருவில் நின்றார்களே, அதுவும் செய்தி.

இன்னொரு வழி இருக்கிறது. சமுதாய வானொலி. நாட்டிலேயே முதலாவது 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4இல் வந்தது. 2006 வரை கல்வி நிறுவனங்களுக்கு மட்டுந்தான் அனுமதி. அதன்பின் பதிவாகி மூன்று வருஷம் ஆன தொண்டு அமைப்புகளும் கேட்கலாம் என்றார்கள். அந்த வழியில் முதலில் நுழைந்தது அன்றைய மேடக் மாவட்டத்து மச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ. 1998இல் ஸ்டூடியோ தயார். அனுமதிக்குப் பத்து வருஷம். 2008 அக்டோபர் 15 அன்று பேச ஆரம்பித்தார்கள்.

சமுதாய வானொலிக்குச் செய்தி கூடாது என்ற தடை உண்டு. ஆனால் புகையால் வரும் இருமலுக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து என்று அந்த அம்மா தன் வாயால் பேசுவதை யார் தடுக்க முடியும்? உச்சவரம்பு 100 வாட், ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை கேட்கும். கொடுங்கையூரில் கம்பம் நட்டால் வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் எல்லாம் அதற்குள் அடங்கும். 1924இல் இந்த ஊரில் ரேடியோ தொடங்கியவர்களிடம் இருந்தது 40 வாட். நம்மிடம் மூன்று வருஷம் தாண்டிய மன்றங்கள், மகளிர் குழுக்கள், இரவுப் பள்ளிகள் இருக்கின்றன. எது பதிவானது, எதில் வரவு செலவுக் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். மனு போடவேண்டிய இடம் டில்லி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்.