கண்டதும் அறிந்ததும்: புறக்கோள்கள் இரண்டின் வரலாறு

விண்ணொளிகளை நாண்மீன், கோண்மீன் எனப் பிரித்து வழங்கும் மரபு பட்டினப்பாலை முதலிய பண்டை நூல்களிலேயே காணப்படும். தம்முள் நிலைமாறாது நிற்பன நாண்மீன்கள். அவற்றிடையே இடம்பெயர்வன கோண்மீன்கள். ஆகலின், ஓர் ஒளியைக் கோள் எனத் துணிதற்கு ஒருமுறை காண்டல் போதாது. பிறிதொரு நாளும் கண்டு, இருநாட் குறிப்புகளையும் ஒப்புநோக்கல் வேண்டும். இவ்வொப்புநோக்கு இல்வழி நேர்ந்தவற்றை யுரேனசு, நெப்டியூன் என்னும் இரு கோள்களின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

யுரேனசு 1781-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் எர்செலால் கண்டறியப்பட்டது என்பர். ஆயின், பிளாம்சுடீடு என்பார் 1690-இலேயே அதனைக் கண்டிருந்தார். கண்டும், இடபக் கூட்டத்து 34-ஆம் மீன் எனக் கொண்டார். எர்செலும் முதற்கண் அதனை வால்மீன் என்றே கருதினார். எனினும், புள்ளியாகத் தோன்றாது வட்டமாகத் தோன்றியதையும், நாள்தோறும் இடம்பெயர்ந்ததையும் அவர் குறித்து வைத்தார். அக்குறிப்புகளைக் கொண்டே லெக்செல் முதலியோர், ஏறத்தாழ வட்டமான பாதையில் ஞாயிற்றைச் சூழ்ந்துவரும் கோள் அது எனக் கணித்தனர்.

நெப்டியூனின் வரலாறு இதனினும் நுண்ணியது. லெவெரியர் கணித்துரைத்த இடத்திற்கு ஒரு பாகைக்குள், 1846 செப்டம்பர் 23-ஆம் நாள், பெர்லின் வானாய்வகத்தில் காலே அதனைக் கண்டார். தரெசு உடனிருந்து விண்மீன் படத்தோடு ஒப்பிட்டார்; படத்தில் இல்லாத ஒளி ஒன்று வானில் இருந்தது. மறு ஆண்டில், அக்கோளின் பழைய இருப்பிடங்களைக் கணித்த அமெரிக்க வானியலார் வாக்கர், லலாந்து 1801-இல் வெளியிட்ட பட்டியலில் 1795 மே 10-ஆம் நாட்குறிப்பொன்று நெப்டியூனையே சுட்டுவது என உணர்ந்தார். பாரிசிலிருந்த கையெழுத்து மூலத்தை ஆராய்ந்தபோது, மே 8-ஆம் நாளுக்கும் ஒரு குறிப்பு இருந்தமை புலனாயிற்று. இரண்டும் தம்முள் ஒவ்வாமையின், முன்னது பிழையென நீக்கப்பட்டது. பின்னது ஐயக்குறியுடன் அச்சேறியது. அவ்வேறுபாடோ பிழையன்று, இரு நாள்களில் அக்கோள் நகர்ந்த தொலைவேயாம்.

சுவடிகளைப் பதிப்பிப்பார்க்கு இது பெரிதும் கருதற்பாலது. இரு ஏடுகள் மாறுபடுங்கால் ஒன்றைப் பிழையெனத் தள்ளுதல் எளிது. பாடவேறுபாடுகளுட் பல எழுதினோர் பிழைகளே என்பதை யாம் மறுக்கிலேம். ஆயினும், எது பிழை, எது மெய் எனத் துணிதற்குரியார் பின்னர்த் தோன்றவும் கூடும். அவர்க்கு இரண்டும் கிடைத்தல் வேண்டும். அச்சில் விடுபட்ட குறிப்பு கையெழுத்து மூலத்தில் அழியாது நின்றமையானன்றோ, அரை நூற்றாண்டு கழித்து அது கோளின் பாதையைத் துணிதற்குப் பயன்பட்டது! ஆகலின், கொள்ளாத பாடத்தையும் அடிக்குறிப்பிற் காட்டுதல் பதிப்பாசிரியர் கடனாம் என்பது எம் துணிபு.